மணிக்கோபுரம் தெரியும் தூரம்: இத்தாலியின் வட்டார உணவுகள்

இத்தாலிய உணவு என்று உலகம் அழைப்பது பல நூறு ஊர்களின் உணவு. இத்தாலி ஒரே நாடாக உருவானது 1861இல்தான். ரோம் நகரம் அதனுடன் சேர்ந்தது 1870இல். அதற்கு முன் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தீபகற்பம் நகர அரசுகளாகவும் குறுநிலங்களாகவும் போப்பாண்டவரின் ஆட்சிப் பகுதியாகவும் அயல் மன்னர்களின் உடைமைகளாகவும் துண்டுபட்டுக் கிடந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் தனி நாணயம், தனிச் சுங்கம், தனிப் பேச்சு. ஒரு பள்ளத்தாக்கில் விளைந்தது மலை தாண்டிப் போவதற்குள் விலை ஏறிவிடும். அதனால் அந்தந்த ஊரில் கிடைத்ததை வைத்தே அந்தந்த ஊர் சமைத்தது. சொந்த ஊர்ப் பற்றுக்கு இத்தாலியர் வைத்திருக்கும் பெயர் 'காம்பனிலிஸ்மோ'. 'காம்பனிலே' என்றால் தேவாலயத்தின் மணிக்கோபுரம். அந்தக் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் வரைதான் நம் ஊர் என்ற உணர்வு அடுப்படியிலும் உண்டு. ஒரே பெயருள்ள பண்டம் பத்து மைல் தாண்டினால் வேறு மாவில், வேறு பூரணத்தில் வரும்.

இந்தச் சிதறலை ஒரு புத்தகத்துக்குள் கொண்டுவந்து வீடுதோறும் சேர்த்தவர் பெல்லெக்ரினோ அர்துசி. ஃபோர்லிம்போபோலி என்ற சிற்றூரில் பிறந்து ஃபிளாரன்ஸில் குடியேறிய பட்டு வணிகர். பதிப்பாளர்கள் கைவிட்டதால் 1891இல் சொந்தச் செலவில் தம் சமையல் நூலை அச்சிட்டார். 475 செய்முறைகளுடன் தொடங்கிய அந்த நூல் பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து, 1911இல் அவர் இறந்தபோது 790 செய்முறைகளை எட்டியிருந்தது. பொது இத்தாலிய மொழி வீடுகளுக்குள் புகுந்ததில் அந்த நூலுக்கும் பங்கு உண்டு. இருந்தாலும் அதில் நிறைந்திருப்பவை எமிலியா-ரொமான்யாவும் டஸ்கனியும். தெற்கு மிகக் குறைவு. தேசியச் சமையல் நூல் என்று போற்றப்படுவதே ஒரு வட்டாரத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இத்தாலிக்குப் போகும் பயணிக்கு ஏமாற்றங்கள் குறையும்.

வரைபடத்தைக் கொழுப்பை வைத்துப் பிரித்தால் பாதி புரிந்துவிடும். ஆல்ப்ஸ் அடிவாரத்திலும் போ நதிச் சமவெளியிலும் மாட்டுப் பால் தாராளம்; அங்கே வெண்ணெய். நடுப்பகுதியின் பன்றி வளர்க்கும் ஊர்களில் பன்றிக்கொழுப்பு. கடலோரத்திலும் தெற்கிலும் ஆலிவ் எண்ணெய். தானியமும் இதே போக்கில் மாறுகிறது. வடமேற்கில் வெர்செல்லியைச் சுற்றி நெல் வயல்கள், வடகிழக்கில் மக்காச்சோளம், எமிலியாவில் முட்டை சேர்த்துப் பிசையும் மென்கோதுமை, தெற்கில் தண்ணீர் மட்டும் விட்டுப் பிசைந்து காயவைக்கும் டியூரம் கோதுமை ரவை. பாஸ்தா எல்லாம் ஒன்றல்ல. போலோனியாவில் அது அன்றன்றைக்குத் தேய்த்து வெட்டும் மஞ்சள் தகடு; நேப்பிள்ஸில் மாதக்கணக்கில் கெடாத உலர்பொருள்.

ஒரே ஒரு வட்டாரத்துக்கு நேரம் ஒதுக்க முடியுமானால் எமிலியாவுக்கு ஒதுக்குவது தகும். கி.மு. 187இல் ரோமானியர் போட்ட வியா எமிலியா சாலை ரிமினியிலிருந்து பியாசென்ஸா வரை ஏறத்தாழ நேர்கோடாக ஓடுகிறது. போலோனியா, மோதெனா, ரெஜ்ஜோ எமிலியா, பார்மா எல்லாம் அந்தக் கோட்டில் கோத்த மணிகள். ரயிலும் அதை ஒட்டியே போகிறது. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அரைமணி நேரப் பயணம்கூட இல்லை. ஆனால் ஒவ்வொன்றின் உணவும் வேறு.

பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் தயாராவதைப் பார்க்க விரும்புகிறவர் காலையிலேயே பால்பண்ணைக்குப் போயிருக்க வேண்டும். முந்தின மாலை கறந்த பால் இரவு முழுவதும் தொட்டிகளில் அசையாமல் கிடக்கும். காலையில் மேலே மிதக்கும் ஆடையை நீக்கிவிட்டு, எஞ்சிய பாலுடன் அப்போது கறந்த முழுப்பாலைச் சேர்த்து, கவிழ்த்த மணியின் வடிவில் இருக்கும் செம்புக் கொப்பரைக்குள் விடுவார்கள். முந்தின நாள் எடுத்துவைத்த சீஸ் தெளிநீர்தான் உறை. அத்துடன் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளும் சேரும். பத்து நிமிடங்களில் பால் கட்டிபட்டுவிடும். 'ஸ்பினோ' என்ற பெரிய கம்பிக் கடைகோலால் அதை அரிசி மணி அளவுக்கு உடைத்து, 55 டிகிரி வரை சூடேற்றுவார்கள். மணிகள் அடியில் படிந்து ஒரே திரளாகச் சேரும். ஒரு மணி நேரம் கழித்து, மரத்துடுப்பால் அந்தத் திரளை மேலே நெம்பி, துணியில் ஏந்தி, கத்தியால் இரண்டாக வெட்டுவார்கள். ஒரு கொப்பரைக்கு இரண்டு சக்கரங்கள். அவற்றை இரட்டைப் பிள்ளைகள் என்றே அழைக்கிறார்கள். ஒரு சக்கரம் சுமார் 40 கிலோ. அதற்குச் செலவாகும் பால் சுமார் 550 லிட்டர். மூன்று வாரம் உப்புநீரில் கிடந்தபின் அது மர அடுக்குகளில் ஏறும். குறைந்தது 12 மாதம் முடிந்ததும், தேர்வாளர் சிறு சுத்தியலால் அதைத் தட்டிப் பார்ப்பார். உள்ளே வெடிப்போ குமிழோ இருந்தால் ஓசை மாறும். தேறியதற்குத்தான் தீமுத்திரை, தேறாததன் தோலிலிருந்து பெயரையே சுரண்டி எடுத்துவிடுவார்கள்.

சீஸ் எடுத்தபின் மிஞ்சும் தெளிநீர் வீணாவதில்லை. அது பன்றிகளுக்குத் தீவனமாகப் போய், அந்தப் பன்றிகளின் தொடை பார்மாவின் புரொஷூத்தோ ஆகிறது. இதற்குப் பன்றித் தொடையும் கடலுப்பும் காலமும் காற்றும் போதும். வியா எமிலியாவுக்குத் தெற்கே, லாங்கிரானோவைச் சுற்றியுள்ள குன்றுகளில், நீண்ட உயரமான சன்னல்கள் கொண்ட கூடங்களில் தொடைகள் தொங்கும். காற்றின் ஈரம் பார்த்துச் சன்னலைத் திறந்து மூடுவது அங்கே ஒரு தொழில்திறன். குறைந்தது 14 மாதம் ஆனபின், குதிரை எலும்பால் செய்த ஊசியைச் சதையில் குத்தி மோந்து பார்த்துத் தரம் சொல்வார்கள். அந்த எலும்பு மணத்தை உடனே உறிஞ்சி உடனே விட்டுவிடும் என்பதுதான் காரணம். அங்கிருந்து வடக்கே, போ நதிக்கரைத் தாழ்நிலமான ஸிபெல்லோவில் காற்றும் இல்லை, குன்றும் இல்லை. குளிர்காலம் முழுக்க மூடுபனி. அங்கே தொடையின் பின்பகுதிச் சதையை மட்டும் எடுத்து, பன்றியின் சிறுநீர்ப்பையில் பொதிந்து கட்டி, பனி உள்ளே வரும் நிலவறைகளில் தொங்கவிட்டுக் 'குலாத்தெல்லோ' செய்கிறார்கள். ஒரே விலங்கு, ஒரே உப்பு. குன்றுக் காற்றும் தாழ்நிலப் பனியும் அதை இரண்டு பண்டங்களாக்கிவிட்டன.

மோதெனாவில் பொறுமை இன்னும் நீளும். மரபான பால்ஸாமிக் காடிக்குத் திராட்சைச் சாற்றைத் திறந்த கொப்பரையில் சுண்டக் காய்ச்சி, பெரியதிலிருந்து சிறியதாக இறங்கும் பீப்பாய் வரிசையில் ஊற்றி, வீட்டு மேல்மாடத்தில் வைப்பார்கள். கோடையில் கொதிக்கவும் குளிரில் உறையவும் அந்த மாடம்தான் ஏற்ற இடம். பீப்பாய்கள் ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரி, ஜூனிப்பர் என வெவ்வேறு மரங்களில் செய்தவை. ஆண்டுக்கொருமுறை சிறிய பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்து, குறைந்ததை முந்தின பீப்பாயிலிருந்து நிரப்புவார்கள். குறைந்தது 12 ஆண்டு, உயர்தரத்துக்கு 25. பெண் பிறந்தால் புது வரிசை தொடங்கி, மணமாகிப் போகும்போது சீதனமாகக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. இந்த மரபான சரக்கு 100 மில்லி குமிழ்க் குப்பியில் மட்டுமே விற்பனைக்கு வரும். பெரிய பாட்டிலில் மலிவாகக் கிடைப்பது ஒயின் வினிகர் கலந்த வேறு சரக்கு. அதற்கு இரண்டு மாதம் போதும். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். 'திராதிஸியோனாலே' என்ற அந்தச் சொல்லைப் பார்த்து வாங்க வேண்டும்.

போலோனியாவில் 'ஸ்பகெத்தி போலோனீஸ்' தேடுகிறவர் ஏமாறுவார். அங்கே இறைச்சிக் குழம்பான ராகூ சேர்வது தாலியாத்தெல்லே என்ற முட்டைப் பாஸ்தா நாடாவோடு. அதன் சொரசொரப்பான பரப்பில்தான் குழம்பு ஒட்டும். இத்தாலியச் சமையல் கழகம் ராகூவின் செய்முறையை 1982இல் போலோனியா வணிக மன்றத்தில் பதிவு செய்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே தாலியாத்தெல்லேயின் அகலம், வெந்தபின் 8 மில்லிமீட்டர் என்று, பொன்னில் வார்த்து அதே மன்றத்தில் வைக்கப்பட்டது. இது வேடிக்கைக்குச் செய்த காரியமல்ல. தங்கள் பண்டம் உலகெங்கும் பெயர் மட்டும் பரவி உருமாறிப்போவதைக் கண்ட ஓர் ஊரின் தற்காப்பு அது.

வடகிழக்கில் கதை கடல்வழியே வருகிறது. 1431இல் பியெத்ரோ க்வெரீனி என்ற வெனிஸ் வணிகரின் கப்பல் வட அட்லாண்டிக்கில் சிதைந்து, பிழைத்தவர்கள் நார்வேயின் ரோஸ்ட் தீவில் ஒதுங்கினார்கள். உப்புப் போடாமல் குளிர்காற்றிலேயே காய்ந்த காட் கருவாட்டை அவர்கள் அங்கே கண்டார்கள். இன்று விசென்ஸா நகரத்தின் பெருமை அந்தக் கருவாடுதான். நாள்கணக்கில் ஊறவைத்து, வெங்காயமும் பாலும் எண்ணெயும் விட்டு, கிளறாமல் மணிக்கணக்கில் வேகவைத்து, மக்காச்சோளக் களியான பொலெந்தாவோடு பரிமாறுகிறார்கள். பொலெந்தாவுக்கு ஒரு துயர வரலாறும் உண்டு. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வடக்கின் ஏழை உழவர்கள் மூன்று வேளையும் அதையே தின்று, நியாசின் பற்றாக்குறையால் வரும் பெல்லாக்ரா நோயில் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். மக்காச்சோளத்தின் பிறப்பிடமான மெக்சிகோவில் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்த பிறகே அரைப்பார்கள். அதனால் சத்து உடலில் சேரும். கடல் தாண்டி வந்தது தானியம் மட்டும். அந்தப் பக்குவம் வரவில்லை.

பியெமோந்தே வட்டாரத்துக்குக் கடலே இல்லை. ஆனால் அதன் புகழ்பெற்ற பண்டம் நெத்திலியில் செய்வது. நெத்திலிக் கருவாட்டையும் பூண்டையும் ஆலிவ் எண்ணெயில் கரையும் வரை மெல்லச் சூடாக்கினால் 'பான்யா கௌதா'. குளிர்காலக் காய்களைச் சுற்றி உட்காருபவர்கள் எல்லாரும் அதில் தோய்த்துத் தின்பார்கள். நெத்திலியும் எண்ணெயும் லிகுரியக் கடற்கரையிலிருந்து உப்பு வணிகர்களின் மலைப்பாதையில் வந்தவை. ஆல்ப்ஸின் மாய்ரா பள்ளத்தாக்கு உழவர்கள் குளிர்காலத்தில் வண்டி கட்டி ஊர் ஊராக நெத்திலி விற்றுப் பிழைத்தார்கள். அந்தக் கடற்கரையிலோ துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் இலையைப் பளிங்கு உரலில் இடித்துப் பெஸ்தோ செய்கிறார்கள். கொண்டைக்கடலை மாவைக் கரைத்து அகன்ற செம்புத் தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுட்டெடுக்கும் ஃபாரினாத்தா ஜெனோவாவின் தெருப்பண்டம்.

டஸ்கனியின் ரொட்டியில் உப்பே இல்லை. தாந்தே தம் காவியத்தில் நாடுகடத்தப்பட்டவனின் வலியை அயலார் ரொட்டியின் உப்புச் சுவையாகக் குறிப்பிடுகிறார். ஃபிளாரன்ஸ்காரருக்கு அந்த வரியை விளக்க வேண்டியதில்லை. ரொட்டி சப்பென்று இருந்தாலும் அதனுடன் சேர்வது உப்பு மிகுந்த ஹாமும் ஆட்டுப்பால் சீஸும்தான். காய்ந்துபோன ரொட்டியைக்கூடத் தூக்கி எறிவதில்லை. கருங்கோசும் பயறும் போட்டு மறுநாள் திரும்பக் கொதிக்கவைத்தால் ரிபொல்லீத்தா. தக்காளியில் கரைத்தால் பாப்பா அல் பொமொதோரோ. கோடையில் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து வெங்காயம், தக்காளியோடு கலந்தால் பன்ஸனெல்லா.

ரோமின் சமையலைப் புரிந்துகொள்ளத் தெஸ்தாச்சோ பகுதிக்குப் போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே எழுந்த கசாப்புக்கூடம் 1975 வரை இயங்கியது. நல்ல இறைச்சி செல்வர் வீடுகளுக்குப் போக, குடல், வால், ஈரல், நாக்கு எல்லாம் தொழிலாளர்களுக்கு வந்தன. நான்கு கால்பங்காக வெட்டும் உடலின் 'ஐந்தாம் கால்பங்கு' என்று அதற்குப் பெயர். தக்காளியும் செலரியும் போட்டு மாட்டுவாலை மணிக்கணக்கில் வேகவைக்கும் 'கோதா அல்லா வச்சினாரா' அந்த வறுமையில் பிறந்தது. இங்கேதான் தமிழ் வாசகருக்கு உண்மையான உறவு ஒன்றும் இருக்கிறது. பெக்கொரீனோ சீஸும் மிளகும் மட்டும் சேரும் 'காச்சோ எ பெப்பே' ரோமின் அடையாளம். பழைய ரோமானியர் தின்ற மிளகு பெரும்பாலும் சேரநாட்டுக் கரையிலிருந்து வந்த சரக்குதான். முசிறிக்கு யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு பதிவு செய்கிறது. அந்த மிளகு போய் இறங்கிய இடங்களில் ஒன்று, டொமிஷியன் பேரரசர் ரோமின் நடுவே கட்டிய மிளகுக் கிடங்கு.

நேப்பிள்ஸின் பெயரோடு இணைந்த தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பெயின் வழியே வந்தது. நேப்பிள்ஸில் பணியாற்றிய அந்தோனியோ லத்தீனி 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சிட்ட நூலில் தக்காளிக் குழம்பு இருக்கிறது. அவரே அதை ஸ்பானிய முறை என்றுதான் சொல்கிறார். பாஸ்தாவும் தக்காளியும் தட்டில் சேர இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. நேப்பிள்ஸ் பீட்சா 430 டிகிரிக்கு மேல் கனலும் விறகடுப்பில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும். ஓரம் உப்பி, கரும்புள்ளி விழுந்து, நடுவில் ஈரமாக இருக்கும். நான்காக மடித்துத் தெருவில் நின்றே தின்னலாம். 2017இல் யுனெஸ்கோ அந்தக் கைத்தொழிலைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பழைய வகையான மரினாராவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டுமே, சீஸ் கிடையாது.

சிசிலி வேறோர் உலகம். 9ஆம் நூற்றாண்டில் அரபியர் வந்து, 11ஆம் நூற்றாண்டில் நார்மானியர் வெல்லும்வரை ஆண்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற கரும்பும் புளிப்பு ஆரஞ்சும் எலுமிச்சையும் இன்றைய தட்டிலும் இருக்கின்றன. மத்தி மீன், காட்டுப் பெருஞ்சீரகத் தழை, உலர்திராட்சை, பைன் கொட்டை சேரும் பாஸ்தாவில் அந்தக் கலப்பை வாயிலேயே உணரலாம். நார்மானிய அரசருக்காக 1154இல் நிலவியல் நூல் எழுதி முடித்த அல்-இத்ரிஸி, பலெர்மோவுக்கு அருகே திராபியாவில் 'இத்ரியா' என்ற உலர்பாஸ்தா பெருமளவில் செய்து கப்பலில் அனுப்பப்பட்டதைக் குறிக்கிறார். மார்க்கோ போலோ சீனாவிலிருந்து பாஸ்தா கொண்டுவந்தார் என்ற கதை இதனால் அடிபட்டுப்போகிறது. அவர் பிறந்ததே ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு. அந்த அரபுச் சொல் இன்னும் சாகவில்லை. புலியா வட்டாரத்தின் தென்கோடியில், கொண்டைக்கடலையோடு பாஸ்தாவை வேகவைத்து, அதில் ஒரு பங்கை மட்டும் எண்ணெயில் பொரித்துக் கலக்கும் உணவுக்கு 'சீச்சரி எ திரியா' என்று பெயர்.

சிசிலியின் மேற்குக் கோடியான திராபனியில் கூஸ்கூஸ் இன்றும் வீட்டு உணவு. அகன்ற மண்தட்டில் ரவையைப் பரப்பி, தண்ணீரை விரலால் தெளித்துத் தெளித்து, ஒரே திசையில் வட்டமாகப் பிசறிக்கொண்டே போனால் ரவை சிறு மணிகளாகத் திரளும். கை அவசரப்பட்டால் கட்டி விழும். ஆவியில் அவிக்கும் கண்சட்டியும் அடிப்பானையும் சேரும் இடத்தில் ஆவி தப்பாமல் மாவால் பூசி அடைப்பார்கள். வெந்தபின் மீன் சாற்றை ஊற்றி, கம்பளியால் மூடி, ஊற விடுவார்கள். வட ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் இறைச்சியோடு உண்ணும் பண்டம், இங்கே மீனோடு சேர்ந்தது.

குடிப்பனவும் இந்த மண்ணெல்லைகளை மதிக்கின்றன. ஒயினுக்கு 1963இல் வந்த சட்டம் எந்தத் திராட்சை, எந்த மண், எத்தனை மாதம் என்று ஊர்வாரியாக வரையறுத்தது. எமிலியாவின் கொழுப்பு மிகுந்த உணவுக்கு நுரைத்தெழும் சிவப்பு லம்ப்ரூஸ்கோ, பியெமோந்தேயின் குன்றுகளில் நெப்பியோலோ திராட்சையின் பரோலோ. சிசிலியின் மர்ஸாலாவை வெளிநாட்டுச் சந்தைக்குக் கொண்டுபோனவர் 1773இல் அங்கே சரக்கு ஏற்றிய ஜான் உட்ஹவுஸ் என்ற ஆங்கிலேய வணிகர். வெனிஸில் சிறு கோப்பை ஒயினுக்கு 'ஓம்ப்ரா', அதாவது நிழல் என்று பெயர்; கையளவுத் தின்பண்டங்களோடு நின்றபடி குடிப்பார்கள். கசப்பூட்டிய வெர்முத் 1786இல் டூரினில் கர்ப்பானோவின் கடையில் தொடங்கியது. எஸ்ப்ரெஸோவின் முன்னோடி இயந்திரத்துக்கு 1884இல் காப்புரிமை பெற்ற ஆஞ்ஜெலோ மொரியோந்தோவும் டூரின்காரரே. காபி இன்று நாடு முழுக்க ஒன்றுபோலத் தெரிந்தாலும், டூரினில் அது சாக்லேட்டும் பாலாடையும் சேர்ந்த பிச்செரீன். தெற்கே லெச்சேயில் பனிக்கட்டியும் பாதாம் பாலும் சேர்ந்த கோடைப்பானம்.

பயணிக்கு இவற்றில் பெரும்பாலானவை கைக்கு எட்டுபவைதான், காலமும் இடமும் பார்த்துப் போனால். வெள்ளை டிரஃபிளுக்கு ஆல்பாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஆர்ட்டிசோக்குக்கு ரோமில் வசந்தம், புது ஆலிவ் எண்ணெய்க்கு நவம்பர், பிரியோஷ் ரொட்டியோடு காலையில் உண்ணும் கிரனீத்தாவுக்குக் கத்தானியாவில் கோடை. 'ஸாக்ரா' என்ற ஊர்த் திருவிழாக்களில் ஒரே ஒரு பண்டத்தை ஊரே சேர்ந்து சமைத்து விற்கும். சுவரொட்டியைப் பார்த்து வழி கேட்டுப் போகலாம். 'அக்ரிதுரிஸ்மோ' என்பது உழவர் தம் பண்ணையிலேயே விருந்தினரைத் தங்கவைத்து உணவிடும் முறை. 1985இல் அதற்குத் தனிச்சட்டம் வந்தது. மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கும் வழி உண்டு, கவனம் வேண்டும். பார்மிஜானோவில் கன்றின் உறைபொருள், ரொமான்யாவின் பியாதீனா ரொட்டியில் பெரும்பாலும் பன்றிக்கொழுப்பு. ஃபாரினாத்தாவும் மரினாராவும், புலியாவின் ஃபாவா பருப்பு மசியலும் கசப்புக்கீரையும் அந்தத் தொல்லை இல்லாதவை. பில்லில் 'கொப்பெர்த்தோ' என்று வருவது ரொட்டிக்கும் இருக்கைக்குமான கட்டணம். காபியை நின்று குடித்தால் ஒரு விலை; பல ஊர்களில் உட்கார்ந்தால் வேறு விலை. மதியம் இரண்டரைக்குப் பல சமையலறைகளில் அடுப்பு அணைந்துவிடும். மறுபடி பற்றவைப்பது இரவு ஏழரைக்குத்தான்.